தாய்க்குச் சொல்லியாச்சோ

எதையாவது கதையுங்கள் என்று சொல்லிவிட்டு லக்சிகா கீழே கோப்பி குடிக்கப் போயிருக்கிறாள். வாசிக்கக் கூடாதாம், மனம்விட்டுக் கதைக்க வேண்டுமாம். வாசிக்கிற குரல் அவளிடம் தேவையான அளவு இருக்கிறதாம். "ஒருத்தரும் கேக்க மாட்டினம் அங்கிள், மெசின் மட்டும்தான் கேக்கும்" என்றாள். நல்ல பிள்ளை. கதவையும் சாத்திவிட்டுத்தான் போனாள்.

என் பெயர் வாமதேவன். பிரான்சில் ரூ பெர்தொனே என்கிற தெருவில், கரிகாலனின் நகைக்கடைக்கு மேல்மாடியில் அவனே நடத்துகிற தமிழ் வானொலியில் காலையில் மரண அறிவித்தல் வாசிக்கிறவன். எங்கள் சனம் கடைதெருவுக்குக் கூடுகிற லா சப்பலில் என் முகத்தைத் தெரியாதவர்கள்கூட, மரக்கறிக் கடையில் நான் முருங்கைக்காய் என்ன விலை என்று கேட்டால் திரும்பிப் பார்ப்பார்கள். சிலர் கொஞ்சம் விலகியும் நிற்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் வானொலி இணையத்தில் போகிறது. யாழ்ப்பாணத்திலும் லண்டனிலும் கனடாவிலும் கேட்பார்கள். சொந்தக்காரர் ஒவ்வொருவருக்காகத் தொலைபேசி எடுத்து அழுது முடிக்குமுன் சாவு என் வாயால் போய்ச் சேர்ந்துவிடும். வாமண்ணை வாசித்தால் செத்தது செத்ததுதான் என்று சனம் பகிடியாகச் சொல்லும்.

எனக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. செத்தவரின் பெயர், பிறந்த ஊர், பிள்ளைகளின் பெயர் எல்லாம் கேட்டு எழுதிய பிறகு, தொலைபேசியை வைக்குமுன், "ஊரிலை தாய்க்குச் சொல்லியாச்சோ?" என்று கேட்பேன். எங்கள் ஆட்கள் சாவை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். இங்கே பிள்ளை பெட்டிக்குள் கிடக்கும். அங்கே தாய்க்கு, அவன் வேலைக்குப் போய்விட்டான், பிறகு எடுப்பான் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். நெஞ்சு வருத்தக்காரி, தாங்க மாட்டா என்பார்கள். அப்படியென்றால் நான் வாசிக்க மாட்டேன். முதலில் ஒருவர் பக்கத்தில் இருந்து பக்குவமாகச் சொல்லுங்கள், குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், அதற்குப் பிறகு என்னிடம் வாருங்கள் என்பேன். அதற்காக ஏச்சு வாங்கியும் இருக்கிறேன். அந்த ஒழுங்கை ஒரேயொரு முறை மீறினேன். லக்சிகா மனம்விட்டுக் கதைக்கச் சொன்னதால் அதையே கதைக்கிறேன்.

லக்சிகாவுக்கு முன் இந்தக் கதிரையில் கிருஷாந்த் இருந்தான். வானொலியின் தொழில்நுட்ப வேலை முழுக்க அவன்தான். இங்கே பிறந்தவன், ஆனால் தமிழை ஆசையாகக் கதைப்பான். தகப்பன் சபாநாதன் செத்த பிறகு தாய் தையல்நாயகி குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று யாழ்ப்பாணத்தில் மட்டுவிலுக்குத் திரும்பிப் போய்விட்டா. அவ இங்கே லா கூர்னேவில் இருந்த காலத்தில் அந்த வீட்டில் எத்தனையோ தரம் சாப்பிட்டிருக்கிறேன். அவ என்னை அண்ணை என்பா, அதனால் அவன் என்னை மாமா என்பான். ஊருக்குப் போகுமுன் அவவுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. அவனுக்கு வேலை என்றபடியால் வைத்தியர் நேரம் குறித்துத் தந்த ரந்தேவுக்குக் கூட்டிப்போனது நான். இனி அதிர்ச்சியான விசயம் ஒன்றும் திடீரென்று சொல்லக் கூடாது என்று வைத்தியர் சொன்னதை மொழிபெயர்த்ததும் நான்தான்.

கிருஷாந்துக்கு இசை விசர். பாட்டு இல்லை, மெசின் சத்தங்களால் செய்கிற இசை. ஒருநாள், ரூ பஜோல் பக்கம் பழைய இசைத்தட்டு விற்கிற ழான்-லூக்கிடம் ஒரு யப்பான் இசைத்தட்டு வாங்கிக்கொண்டு வந்தான். மட்டையில் யன்னலே இல்லாத ஒரு கட்டடம். பெயருக்கு அர்த்தம் 'நாளைய ஒலிபரப்பு' என்றான். முதலில் எனக்கு அரிசி ஆலைக்குள் யாரோ தொலைக்காட்சி விளம்பரம் போட்டதுபோல இருந்தது. பிறகு அவன் உள்ளே இருந்த தாளைப் பார்த்துக் கதையைச் சொன்னான். ஒரு நகரம். அங்கே ஒருவரும் வெளியே எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு அறிவிப்பாளினியின் குரலைத்தான் கேட்பார்கள். மழை என்றால் வெயிலிலும் குடை பிடிப்பார்கள். கடைசிப் பாட்டில் அவள் ஒருவனுடைய பெயரைச் சொல்லி அவன் இறந்துவிட்டான் என்று வாசிப்பாள். அவன் தன் நாடியைப் பிடித்துப் பார்ப்பான். அது துடிக்கும். அவன் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நேரம் சொல்கிற 'பீப்' மட்டும் கேட்கும்.

"செய்திக்காரர் சனத்தை எப்பிடி ஏமாத்தினம் எண்டு சொல்லுது மாமா" என்றான் கிருஷாந்த். எனக்கு அந்தப் பெண்ணில் ஒரு பிழையும் தெரியவில்லை. உச்சரிப்பு சுத்தம், அவசரம் இல்லை, தேவையில்லாத அழுகை இல்லை. படுத்தவன் தானாகத்தானே படுத்தான். கிருஷாந்த் வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கடைசிப் பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்பேன்.

அந்தக் குளிர்காலம் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கிருஷாந்த் என் பழைய ஒலிப்பதிவுகளை ஒரு மெசினுக்குள் போட்டு என் குரலைச் செய்தான். எழுத்தைக் கொடுத்தால் என்னைப்போலவே வாசிக்கும். அவன் அன்பில்தான் செய்தான். அதை நான் மறுக்கவில்லை. மாமா ஆறுதலாகப் படுங்கோ, மெசின் பார்த்துக்கொள்ளும் என்றான். நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன். என் மனிசி ஜெகதீஸ்வரி விடியவே வேலைக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "இண்டைக்கு நல்லா வாசிச்சியளப்பா. குரல் இளந்தாரி மாதிரி இருந்தது" என்றாள்.

கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவள் என் வாசிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் எழும்பிக் கம்பளியை மடித்து வைத்தேன். அடுத்த நாள் தெருவில் இரண்டு மூன்று பேர் அதையே சொன்னார்கள். கரிகாலனும் சொன்னான், அவனுக்கு அது மெசின் என்று தெரியும், தெரிந்துகொண்டே சொன்னான்.

மட்டுவிலில் இருந்து மட்டும் ஒரு அழைப்பு வந்தது. "அண்ணை, உங்களுக்கு என்ன, சுகமில்லையோ? நேற்று வாசிச்சது நீங்கள் இல்லை. உங்களை மாதிரித்தான் இருந்தது, ஆனால் நீங்கள் இல்லை" என்றா தையல்நாயகி. உலகம் முழுக்க அவ ஒருத்திக்குத்தான் தெரிந்தது. எப்படித் தங்கச்சி கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். நீங்கள் தாயின் பெயர் வருகிற இடத்தில் ஒரு மூச்சு நிற்பீர்கள், அது நிற்கவில்லை என்றா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சித்திரை மாதம் கரிகாலன் என்னைக் கீழே கூப்பிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் தாலிக்கொடிகளை அடுக்கிக்கொண்டே விசயத்தைச் சொன்னான். இனி ஒவ்வொரு நாளும் மெசின் வாசிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து பட்டனை மட்டும் அமத்துங்கோ அண்ணை, கொஞ்ச நாளில் அதுவும் தேவைப்படாது, வீட்டில் ஆறுதலாக இருக்கலாம் என்றான். ஒரு நகைக்காரன் என்னிடம் தேய்ந்த நகையைப் பற்றிக் கதைப்பதுபோலக் கதைத்தான். நான் சரி தம்பி என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

மெசினைச் சோதித்துப் பார்க்க ஒரு அறிவித்தல் தேவைப்பட்டது. பழைய அறிவித்தல் ஒன்றை எடு என்றேன். கிருஷாந்த் மாட்டேன் என்றான். "செத்த ஆக்களின்ர பேரை விளையாட்டுக்கு எடுக்கிறது சரியில்லை மாமா. என்ர பேரைப் போட்டால் ஆர் கோவிக்கப் போயினம்?" என்று சிரித்தான். ஊரில் வளர்ந்த ஒருவனும் அதைச் செய்ய மாட்டான். உயிரோடு இருக்கிறவனின் பெயருக்குப் பின்னால் அந்தச் சொற்களை எழுத எங்களுக்குக் கை வராது. நான் சொல்லிப் பார்த்தேன், அவன் கேட்கவில்லை. தட்டினான். மட்டுவிலைப் பூர்வீகமாகவும் பிரான்சைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சபாநாதன் கிருஷாந்த் அவர்கள் அகால மரணமானார். அன்னார், காலஞ்சென்ற சபாநாதன், தையல்நாயகி தம்பதிகளின் பாசமிகு ஏக புதல்வர் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். மெசின் வாசித்தது. இருவரும் சிரித்தோம். அதை அழிக்காமல் 'சோதனை' என்று பெயர் போட்டு மெசினுக்குள்ளேயே விட்டுவிட்டான்.

பிறகு அவனுக்கு ஒசாகாவில் இருந்து அழைப்பு வந்தது. சின்ன மண்டபம்தான், ஆனால் அந்த இசைத்தட்டைச் செய்தவர்களின் ஊர். அங்கே தன் இசையை வாசிக்கப் போகிறான் என்று குழந்தைபோலத் துள்ளினான். தாயும் என்னிடம் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிப் பூரித்தா. அவன் விமானம் ஏறுகிற நாளும் மெசின் முதன்முதல் பொறுப்பெடுக்கிற நாளும் ஒன்றாக அமைந்தது. நான் அமைக்கவில்லை. கரிகாலன்தான் நல்ல நாள் பார்த்தவன்.

என் நோக்கம் மிகவும் சின்னது. மெசின் ஒரு பிழை விட வேண்டும். பெரிய பிழை, சனம் மறக்காத பிழை. அதற்குப் பிறகு ஒருவரும் அதை வாசிக்க விடமாட்டார்கள். ஆனால் அந்த மெசின் பிழையே விடாது. அதனால் அதன் பிழையை வேறு யாராவது விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

அன்று காலை மெசின் இருந்த அறிவித்தல்களை வாசித்து முடித்தது. கிருஷாந்த் அப்போது ஆகாயத்தில் இருந்தான். நான் மெசினின் சத்தத்தை இறக்கி மைக்கைத் திறந்தேன். திரையில் 'சோதனை'யை எடுத்தேன். பட்டனை அமத்தியிருந்தால் மெசினே வாசித்திருக்கும். பிழை உண்மையாகவே அதனுடையதாக இருந்திருக்கும். ஏன் நான் வாசித்தேன் என்று பலதரம் யோசித்திருக்கிறேன். அந்த அறிவித்தலுக்கு ஒரு நல்ல வாசிப்புத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். தையல்நாயகி என்ற பெயருக்கு முன் ஒரு மூச்சு நின்றேன். என் வாழ்நாளில் அதைவிட நன்றாக வாசித்ததில்லை.

மைக்கை மூடித் தேவாரத்தைப் போட்டேன். கரிகாலன் கீழே கடைச் சட்டரைத் திறந்துகொண்டிருந்தான். அவனுக்கு இன்னும் தெரியாது. அப்போதுதான் மட்டுவிலில் இருந்து அழைப்பு வந்தது.

"அண்ணை, தையல்நாயகி கதைக்கிறன்" என்றா. அழவில்லை. "தம்பி பிளேனிலை. எடுத்துப் பாத்தன், போன் போகுதில்லை. எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. நீங்கள் தாய்க்குச் சொல்லாமல் வாசிக்க மாட்டியள். அதாலை உது மெசின்ர பிழை எண்டுதான் நினைக்கிறன். ஆனால் குரல் உங்கட குரல்." பிறகு, "சொல்லுங்கோ அண்ணை, வாசிச்சது மெசினோ, நீங்களோ?" என்று கேட்டா.

அவ புத்திசாலி. எல்லாவற்றையும் சரியாகவே யோசித்திருந்தா. மெசின் என்றால் மகன் உயிரோடு இருக்கிறான். நான் என்றால் இல்லை. மெசின் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவ சிரித்திருப்பா, மெசினைத் திட்டியிருப்பா. என் நோக்கத்துக்கும் அந்தச் சொல்தான் தேவை. சற்று நேரத்தில் ஊர் முழுக்க அதைத்தான் நான் சொல்லப்போகிறேன். ஆனால் என் குரலை அடையாளம் தெரிந்த ஒரே மனிசி, அதுவும் அன்று, அந்த வாசிப்பைக் கேட்ட பிறகு, இது நீங்கள்தானே என்று கேட்கிறா. அவவிடம் போய் அது மெசின் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"நான்தான் வாசிச்சனான், தங்கச்சி" என்றேன்.

"சரி அண்ணை" என்றா.

தொலைபேசியை அவ வைக்கவில்லை. அங்கே எங்கள் வானொலி போய்க்கொண்டிருந்தது. இங்கே நான் போட்ட தேவாரம் கொஞ்சம் பிந்தி அந்த வீட்டில் கேட்டது. ஒரு கதிரை இழுபட்டது. ஏதோ கீழே விழுந்தது. அயல் வீட்டுப் பிள்ளை அஜந்தாவின் பெயரை ஒருமுறை கூப்பிட்டமாதிரி இருந்தது. இங்கே இருந்து அஜந்தாவின் வீட்டுக்கு எடுத்திருக்கலாம்; அந்த இலக்கமும் என்னிடம் இருந்தது. தேவாரம் முடிகிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அடுத்த நிகழ்ச்சிக்குப் பட்டன் அமத்த வேண்டியிருந்தது. அமத்தினேன்.

கரிகாலன் மூச்சு வாங்க மேலே ஓடி வந்தபோது நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். மெசின் தானாகச் சோதனையை எடுத்துப் போட்டுவிட்டது, எனக்கு நிற்பாட்டத் தெரியவில்லை என்றேன். திருத்தம் வாசித்தேன். நல்ல செய்தி என்பதால் குரலில் கொஞ்சம் சிரிப்பும் வைத்தேன். அதைக் கேட்க மட்டுவிலில் அவ இருக்கவில்லை.

கிருஷாந்த் ஒசாகாவில் இறங்கித் தொலைபேசியைத் திறந்தபோது அவனுக்கே அனுதாபச் செய்திகள் வந்து குவிந்திருந்தனவாம். முதலில் சிரித்தானாம். அதற்குக் கீழே தாய் செத்த செய்தி இருந்தது. மண்டபத்துக்குப் போகாமல் அப்படியே கொழும்புக்கு விமானம் ஏறினான். கொழும்பில் இறங்கி எனக்கு எடுத்து, அம்மாவின் அறிவித்தலை மெசினிடம் கொடுக்க வேண்டாம், நீங்களே வாசியுங்கள் மாமா என்று கெஞ்சினான். வாசிக்கிறேன் என்றேன். பழக்கதோசத்தில், "அம்மாவின்ர தாய்க்குச் சொல்லியாச்சோ?" என்று கேட்கவும் வாயெடுத்தேன்; அவ செத்துக் கனகாலம் என்பது ஞாபகம் வந்தது.

தாயின் அந்தியேட்டிக் கிரியை முடித்துத் திரும்பி வந்தவன் மொட்டைத் தலையோடு இந்த அறைக்குத்தான் வந்தான். உட்காரவில்லை. "மாமா, அந்தச் சோதனையை நான் அழிச்சிருக்க வேணும். அம்மாவைச் சாகடிச்சது நான்தானே?" என்றான். நான் அவன் தோளில் கை வைத்தேன். உன்னில் பிழை இல்லை, மெசினில்தான் பிழை என்றேன். பிறகு, அழித்திருக்கலாம்தான் என்றும் சொன்னேன். அவன் மேசையில் தலையைப் போட்டு அழுதான். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். இப்போது கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். காதில் பஞ்சு வைத்திருப்பான் என்று சொல்கிறார்கள். இசைத்தட்டை என்னிடமே தந்துவிட்டான். அலுமாரியில் இருக்கிறது.

இப்போது யோசித்துப் பார்த்தால் அந்த ஒழுங்கை நான் மீறவும் இல்லை. தாய்க்குச் சொல்ல வேண்டும் என்பதுதானே ஒழுங்கு. அன்று தாய்க்கு நானே சொன்னேன்.

இதை லக்சிகா போட்டுக் கேட்டாலும் கேட்கட்டும். கிருஷாந்தைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தாலும் வைக்கட்டும். என் குரலில் எதையும் சொல்லக்கூடிய ஒரு மெசின் இந்த அறையில் இருக்கிறது, அது ஏற்கெனவே ஒரு பொய்யைச் சொல்லி ஒரு மனிசியைக் கொன்றது என்பது லா சப்பல் முழுக்கத் தெரியும். இதையும் அதுதான் சொன்னது என்பேன். எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள். அவன் முதலில் ஏற்றுக்கொள்வான்.

அன்றோடு நிற்பாட்டிய மெசினைத் திரும்பக் கொண்டுவர, அதற்கு இப்படி என் குரலைப் புதிதாகக் கொடுக்க நான் ஏன் சம்மதித்தேன் என்று கரிகாலனுக்கு இன்னும் விளங்கவில்லை. பிழை பொடியன்ர, மெசின்ர இல்லை என்று அவன் இழுத்து இழுத்துக் கேட்டபோது நான் உடனே சரி என்றுவிட்டேன். அதற்குக் காரணம் தையல்நாயகியின் அறிவித்தலை வாசித்த நாள். மெசினைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு நானே மைக்கின் முன் இருந்து வாசித்தேன். உண்மையான துக்கத்தோடு வாசித்தேன். அவவின் பெயருக்கு முன் ஒரு மூச்சு நின்றேன். அதைக் கண்டுபிடிக்க இனி ஒருவரும் இல்லை. லா சப்பல் மெத்ரோ வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நடந்தேன். வீட்டில் ஜெகதீஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அந்த மனிசியின்ரயையும் மெசினைக் கொண்டே வாசிப்பிச்சியள்?" என்றாள். "கொஞ்சமும் உயிரில்லை. ஆனால் அண்டைக்குப் பொடியன்ரயைப் பிழையா வாசிச்சுதே, அது வாசிப்பு. எனக்கு அழுகையே வந்திட்டுது. இண்டைக்கு வாசிச்சதும் அதே மெசின்தானே?"

ஓம் என்றேன்.